எட்டாங்கட்டை ஆத்தா மேல சத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் போதும், குமுதா கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முதலில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். பிறகு கதவில் நாலு தட்டு. பிறகு அந்தக் குரல்.

"ஏ குமுதா, தூங்குறியா புள்ள? அத்தே வந்திருக்கேன்லா."

வருகிறவள் நல்லம்மாள். மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே எட்டாங்கட்டைத் தோட்டத்திலிருந்து, ஐம்பத்து நாலு வயதில், ஒரு பழைய மோட்டார் சைக்கிளை உருட்டி மிரட்டி ஓட்டிக்கொண்டு வருகிறவள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. வாரத்தில் ஒரு நாள் லீவு, அந்த ஒரு நாளும் இந்தப் பெண்ணுக்குச் சோறு சுமக்கிறதற்கே போய்விடும். ஐந்து மாதமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. சொந்தமா என்று கேட்டால், இல்லை. நல்லம்மாளின் ஒரே மகள் தினேஸ்வரியும் குமுதாவும் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். குமுதாவின் அம்மா செத்து, அப்பா சித்தியவானில் வேறு குடும்பம் தேடிக்கொண்டபோது, "இவளுக்கும் சேர்த்து ஒரு தட்டு வை" என்று சொன்னவள் நல்லம்மாள்.

அந்தப் புண்ணியவதியின் மகளைத்தான் குமுதா நரகத்தில் தள்ளிவிட்டு வந்திருந்தாள். தள்ளினாள் என்று சொல்வது அநியாயம்தான். அவளையும் ஒருவன் தள்ளினான், கழுத்தைப் பிடித்துத் தள்ள வைத்தான். ஆனால் குமுதாவைக் கேட்டால் வேறு சொல் சொல்ல மாட்டாள்.

அன்றைக்கும் நல்லம்மாள் டிப்பன் கேரியரைத் திறந்தாள். நெத்திலிச் சம்பலும் அவித்த மரவள்ளியும். குமுதா முதல் வாய் வைக்கும்வரை காத்திருந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"தினேசு உனக்கு ஏதும் மெசேஜ் போட்டாளா?"

"இல்லத்தே. அங்க வேலை டைட்டு. போனெல்லாம் வாங்கி வச்சுக்குவாங்க. நாங்க வேற வேற கட்டடம்னு சொன்னேன்ல. நல்லாத்தான் இருப்பா."

ஐந்து மாதமாக இதே கேள்வி, இதே பதில். சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப் போயிருந்தது. நெஞ்சுக்குத்தான் பழகவில்லை.

நல்லம்மாள் இன்னொரு கரண்டி சம்பல் வைத்தாள். பிறகு, "அடுத்த ஞாயிறு ஆத்தா திருவிழா," என்றாள். "அவளுக்கு நல்ல வேலை கெடச்சா அவ பால்குடம் எடுப்பான்னு வேண்டியிருந்தேன். அவ வர்ற மாதிரித் தெரியல. அவளுக்குப் பதிலா நீ எடுக்கிறியா? நாளையிலேர்ந்து விரதம் பிடி. அதான் இன்னைக்கே சம்பல் கொண்டாந்துட்டேன்."

வாயிலிருந்த மரவள்ளியைத் தண்ணீர் குடித்து முழுங்கினாள் குமுதா.

"வேலை இருக்குமே அத்தே."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

"கேட்டுச் சொல்றேன்."

நல்லம்மாள் அவள் முகத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, சுத்தமாக இருந்த மேசையை மறுபடியும் துடைத்தாள்.

தினேஸ்வரியை அவள் தள்ளிய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எட்டாங்கட்டையில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. லயத்து வீடுகளை இடித்து, ஜனங்களைத் தாமான் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நிற்பது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். அந்தக் கோயிலுக்குத் தலைவர் அர்ச்சுனன். அதே தோட்டத்தில் பிறந்தவன். இருபது வயதில் வெளியே போய், நாற்பதில் பெரிய காரோடு திரும்பி வந்தான். அன்னதானமா, அர்ச்சுனன். கோபுரத்துக்கு வர்ணமா, அர்ச்சுனன். யாருக்காவது வேலை வேண்டுமா, அதற்கும் அர்ச்சுனன் அண்ணன்தான். குமுதா வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலை மூடப்பட்டபோது, "பேங்காக்ல கஸ்டமர் சர்வீஸ் வேலை, தங்கச்சி. தமிழும் இங்கிலீசும் தெரிஞ்சாப் போதும்" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

பேங்காக்கை அவள் பார்க்கவே இல்லை. காரில் ஏற்றினார்கள், இன்னொரு காரில் மாற்றினார்கள், ஒரு ஆற்றைத் தாண்ட வைத்தார்கள். அந்தக் கரையில் உயரமான மதில். உள்ளே வேலை என்ன தெரியுமா? முகம் தெரியாத ஆண்களிடம் போனில் காதல் பேசி அவர்கள் சேமிப்பைக் கறப்பது. கறக்காத நாளில் சோறு கிடையாது. இரண்டாம் நாளும் கறக்கவில்லை என்றால் மின்சாரத் தடி. பதினோரு மாதம் அப்படிக் கழிந்தது. பிறகு ஒருநாள் மேற்பார்வைக்காரன் சொன்னான், அவனும் மலேசியாக்காரன்தான்: "ஒரு ஆளைக் கொண்டா. நீ வீட்டுக்குப் போலாம்."

நாலு நாள் தாங்கினாள். ஐந்தாவது நாள் வீடியோ அழைப்பில் அர்ச்சுனன் வந்தான். நெற்றி நிறையத் திருநீறு.

"சும்மா வா வான்னா யாரும் வர மாட்டாங்க, தங்கச்சி. நம்ம ஆத்தா மேல சத்தியம் பண்ணு. எட்டாங்கட்டை ஆளு அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்காது."

படுபாவி, தெரிந்துதான் சொன்னான்! வேறு ஊர்க்காரன் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. தோட்டம் இருந்த காலத்தில் எது காணாமல் போனாலும் போலீசுக்குப் போக மாட்டார்கள். சந்தேகப்பட்டவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், "கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்பார்கள். திருடியவன் திருட்டை ஒத்துக்கொள்வானே ஒழிய, ஆத்தா மேல் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டான். எட்டாங்கட்டையில் அது ஒரு சட்டம் மாதிரி. அந்தச் சட்டத்தைத்தான் அவன் தூண்டில் முள்ளாக வளைத்துக் குமுதாவின் வாயில் வைத்தான்.

குமுதா வாய்ஸ் மெசேஜில் பேசினாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

"தினேசு, நான்தான்டி. நல்ல வேலைலா. ரூம் குடுக்கறாங்க, சாப்பாடு குடுக்கறாங்க. பயப்படாத. எட்டாங்கட்டை ஆத்தா மேல சத்தியமா சொல்றேன், சூசா கஷ்டம் ஒண்ணும் இல்ல. வா."

இரண்டு வாரம் கழித்து, மதிலுக்கு உள்ளே ஒரு வேன் வந்து நின்றது. தினேஸ்வரி இறங்கினாள். தோளில் ஒரு ரோஸ் நிறப் பை. குமுதாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினாள். தன்னை அழைத்துப் போகத்தான் வந்து நிற்கிறாள் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி. அவள் இறங்கிய அதே வேனில் குமுதாவை ஏற்றினார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அந்தக் கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது.

திரும்பி வந்தவள் தோட்டத்தில், "கான்டிராக்ட் முடிஞ்சிருச்சு" என்றாள். எல்லாரும் நம்பினார்கள். ஈப்போவில் ஓட்டல் விரிப்புகளை வெளுத்து மடிக்கும் ஒரு டோபிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளை விரிப்புகளை நாளெல்லாம் மடிப்பாள். மடிக்கிற கைக்கு வேலை இருந்தால் மனம் சும்மா கிடக்கும் என்று நினைத்தாள். எங்கே கிடந்தது!

செவ்வாய்க்கிழமை அந்தக் கடை வாசலில் அர்ச்சுனனின் கார் வந்து நின்றது. கையில் திருவிழா நோட்டீசுக் கட்டு. கடைக்காரச் சீனரிடம் சிரித்துப் பேசி, "எங்க ஊர்த் தங்கச்சி, பொஸ்" என்று அவள் தலையில் கை வைத்தான். பிறகு வெளியே கூப்பிட்டான்.

"நல்லம்மா அக்கா சொன்னாங்க, நீ பால்குடம் எடுக்கப் போறியாமே. எடு. நல்லது."

"அண்ணே..." குமுதா அவன் கையிலிருந்த நோட்டீசுக் கட்டைப் பார்த்துக் கேட்டாள். "தினேசை எப்பண்ணே விடுவாங்க?"

"அது என் கையிலயா இருக்கு?" அவன் கோபப்படவே இல்லை. போனை எடுத்தான், இரண்டு விநாடி ஓட விட்டான். 'தினேசு, நான்தான்டி. நல்ல வேலைலா.' நிறுத்தினான். "இது யாரு குரலு? என் குரலா? ஒரு துண்டுக் காகிதத்துல என் கையெழுத்து இருக்கா? நீ போலீஸ் பாலாய்ல போயி உக்காந்தீன்னா, அவங்க முதல்ல பிடிச்சு உள்ள வைக்கறது உன்னையத்தான். நானும் இத்தனை நாளா உன்னக் காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்கேன், தங்கச்சி. அத மறந்துறாத."

"சரிண்ணே," என்றாள் குமுதா.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கார்க் கதவுவரை அவன் பின்னால் போனாள். அவன் ஏறி உட்கார்ந்ததும், "தேங்ஸ்ணே" என்றும் சொன்னாள். பழைய பழக்கம். மதிலுக்கு உள்ளே அடி வாங்கி முடித்ததும் நன்றி சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மறுபடியும் அடி. கார் போன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது. உள்ளே போய்க் குழாயைத் திறந்து வாயைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷப்னம் அக்கா போன் பண்ணினாள். வக்கீல். இப்படி மாட்டிக்கொண்டவர்களை மீட்கிற ஒரு குழுவில் இருக்கிறவள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அநாதையாக விடப்பட்ட குமுதாவை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தக் குழுதான்.

"திங்கக்கிழமை காலையில மீட்கறதுக்கு ஒரு லிஸ்ட் போகுது, குமுதா. உள்ள இருக்கற நம்ம நாட்டு ஆளுங்க பேரு. அந்த மதிலுக்குள்ள வேற யாரையாச்சும் தெரியும்னா இப்பச் சொல்லு. அடுத்த லிஸ்ட் எப்பன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

குமுதாவின் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாது என்ற அளவுக்கு மடித்தாள்.

"ஒருத்தி இருக்கா அக்கா. தினேஸ்வரின்னு. எங்க ஊரு."

"குடும்பத்துல ஒருத்தர் போலீஸ் ரிப்போர்ட் குடுக்கணும். அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "அக்கா, வான்னு அவளக் கூப்புட்ட மெசேஜ் என் குரல்ல இருக்கு," என்றாள்.

ஷப்னம் உடனே கேட்டாள், "அடிச்சுப் பேச வச்சாங்களா?"

"ஆமா."

"அப்ப அதையும் சேர்த்துச் சொல்லு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பக்கத்துல வந்து உக்காருவேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

சத்தியம் பண்ணாத அந்த ஒரு வார்த்தைதான் குமுதாவுக்குத் தெம்பு கொடுத்தது என்றால் வேடிக்கைதான். ஆனால் அதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை அவள் எட்டாங்கட்டைக்குப் போனாள். கோயிலுக்கு வெளியே பந்தல். மஞ்சள் சேலையில் பெண்கள் வரிசையாக நிற்க, பூசாரி குடங்களில் பாலூற்றி, வாயை மஞ்சள் துணியால் கட்டிப் பூசை போட்டுக்கொண்டிருந்தார். உறுமி மேளம் காதைப் பிளந்தது. மைக்கில் அர்ச்சுனன், தலையில் பரிவட்டத்தோடு, "பால்குடம் எடுக்கற தாய்மாருங்க சீக்கிரம் வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

குமுதா சாதாரண உடையில் வந்திருந்தாள். பந்தலுக்கு முன்னால் ஒரு செம்பனை மர நிழலில் நின்றுவிட்டாள். நல்லம்மாள் அவளைப் பார்த்துவிட்டாள். தினேஸ்வரிக்காகப் பூசை போட்ட குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். தோளில் ஒரு மஞ்சள் சேலை.

"என்ன புள்ள, குளிக்காமயா வந்தே? இந்தா, சேலையைச் சுத்து. குடத்தைக் கீழ வைக்கக் கூடாது, கையில வாங்கு."

"நான் தொட மாட்டேன் அத்தே."

"ஏன்?"

"தினேசு நல்லா இல்ல." சொல்லிவிட்டாள். முதல் வார்த்தை வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. அர்ச்சுனன், ஆறு, மதில், மின்சாரத் தடி, வேன், ரோஸ் நிறப் பை, வக்கீல், திங்கட்கிழமை போகிற லிஸ்ட். "நான்தான் அவளக் கூப்புட்டேன். ஆத்தா மேல பொய்ச் சத்தியம் பண்ணிக் கூப்புட்டேன். அவளக் குடுத்துட்டுத்தான் நான் வந்தேன். நீங்க கொண்டாந்த சோத்தையும் வெக்கமில்லாமத் தின்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தாள். அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்றே சொல்லலாம். நல்லம்மாள் அடிக்கவில்லை. அழவும் இல்லை. குடத்தை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மைக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு அர்ச்சுனன் வந்தான். முகத்தில் அதே சிரிப்பு. "என்ன தங்கச்சி, நேரமாவுதுலா." குமுதாவின் கண்ணைப் பார்த்தான், நடந்தது என்னவென்று புரிந்துகொண்டான். குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இவ என்ன சொன்னாலும் நம்பாதீங்க. பழியை யாரு மேலயாச்சும் போடுவா. தினேஸ்வரியக் கூப்புட்டதே இவதான். இவ குரல் எங்கிட்ட இருக்கு."

"எங்கிட்டயும் இருக்குய்யா," என்றாள் நல்லம்மாள்.

இடுப்பில் குடத்தோடு ஒரு கையால் தன் போனை எடுத்தாள். கண்ணாடி கீறிய பழைய போன். தேடக்கூட இல்லை, அது முதலிலேயே இருந்தது. குமுதாவின் குரல் மேளச் சத்தத்துக்கு நடுவே சன்னமாக வந்தது. 'எட்டாங்கட்டை ஆத்தா மேல சத்தியமா சொல்றேன், சூசா கஷ்டம் ஒண்ணும் இல்ல. வா.'

"அவ போறதுக்கு முந்தி எனக்கு அனுப்பி வச்சா. 'அம்மா, நீ கேட்டுச் சொல்லு, போலாமா வேணாமா'ன்னா. அவளுக்கு மனசே இல்ல. ஆத்தா மேலயே சத்தியம் பண்றாளே, போடின்னு நான்தான் தொரத்துனேன்." நல்லம்மாள் குமுதாவைப் பார்த்தாள். "நீ வந்து அஞ்சு மாசமாச்சு. ஒரு நாளு கோயில் பக்கம் வந்தியா? அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அது பொய்ச் சத்தியம்னு. நீயே வாயைத் திறப்பே, திறப்பேன்னு ஒவ்வொரு ஞாயிறும் வந்தேன்."

"ஏன் அத்தே என்னக் கேக்கல?" குமுதாவுக்கு அழுகை வெடித்தது.

"கேட்டா நீ சொல்லிருவியே! சொல்லாத வரைக்கும் எம்மக நல்லா இருக்கா. நீயும் அதத்தான சொன்னே. நானும் அதக் கேட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

அர்ச்சுனன் இரண்டடி முன்னால் வந்தான். "அக்கா, அந்தப் போனை இப்படிக் குடுங்க. உள்ள போயி ஆபீஸ்ல உக்காந்து பேசுவோம். ஜனங்க பாக்கறாங்க."

அவன் கை நீட்டினான். நீட்டிய அந்தக் கையில் நல்லம்மாள் பால்குடத்தை வைத்தாள். போன் என்று நினைத்தவன், குடம் நழுவப் போகிறது என்ற பயத்தில் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எம்மக பேருல பூசை போட்ட பாலு. கீழ வச்சிறாத. ஊரு பாக்குது."

அவ்வளவுதான். பரிவட்டம் கட்டிய கோயில் தலைவர், நூறு பேர் பார்க்க, ஒரு பெண்பிள்ளையின் பால்குடத்தைச் சுமந்துகொண்டு நின்றார். கீழே வைக்கவும் வழியில்லை, யாரிடமாவது கொடுக்கலாம் என்றால் விரதமிருந்த கைகளிலெல்லாம் குடம், விரதமில்லாத கை எதுவும் முன்னால் வரவில்லை. சட்டைப் பையில் அவன் போன் அடித்தது. எடுக்கக் கை ஏது?

நல்லம்மாள் விடுவிடுவென்று நடந்தாள். குமுதா பின்னால் ஓடினாள்.

"அத்தே, வேண்டுதல்..."

"ஆத்தா காத்திருப்பா. திங்கக்கிழமை காத்திருக்காது. அந்த வக்கீலுக்குப் போன் பண்ணு. பாலாய் வாசல்ல நிக்கச் சொல்லு."

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள். குமுதா ஏறி உட்கார்ந்தாள். பத்து வயதிலிருந்து ஏறி உட்கார்ந்த வண்டி அது. முன்னால் தினேஸ்வரி, நடுவில் நல்லம்மாள், பின்னால் குமுதா, நல்லம்மாளின் இடுப்பைச் சுற்றி இரண்டு கை. பழக்கத்தில் கைகள் தானாகவே அந்த இடுப்புக்குப் போயின.

"என்னயப் பிடிக்காத," என்றாள் நல்லம்மாள், திரும்பிப் பார்க்காமல். "பின்னால கம்பி இருக்கு. அதப் பிடி."

குமுதா கையை எடுத்துப் பின்னால் கம்பியைப் பிடித்தாள். வண்டி செம்பனைக் காட்டுக்குள்ளே மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. பெரிய சாலைக்கு ஏறும் இடத்தில் நல்லம்மாள் ஒரு தடவை பேசினாள். காற்றில் பாதிதான் கேட்டது.

"பாலாய்ல எம் பேரையும் சொல்லு. போடின்னு சொன்னவ நான்."

ஒவ்வொரு பள்ளத்திலும் குமுதாவின் உடம்பு முன்னால் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த முதுகின் மேல் படாமல் தன்னை இழுத்துக்கொண்டாள். விரல்கள் மரத்துப் போயின. ஈப்போ வரும்வரை கம்பியை விடவில்லை.